எர்த்துக் குழி

வியாழக்கிழமை சாயங்காலம் பேகம்பூரில் இடி இடித்தது. மழை பெய்யவில்லை. அந்த வருஷம் திண்டுக்கல்லுக்கு வானம் செய்த வேலையெல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருந்தது. கறுத்துக்கொண்டு வரும், மலைக்கோட்டைக்குப் பின்னால் நின்று நாலு தரம் உறுமும், பிறகு சிறுமலைப் பக்கம் போய்விடும். குடங்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்த பெண்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, வெறுங்குடத்தோடு உள்ளே போனார்கள்.

அந்த இடிகளில் ஒன்று அப்துல் லத்தீப் வீட்டு மாடிக்குப் போகும் லைனில் இறங்கியது. மாடியில் ஆனந்த்ராஜ் நடத்தும் பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே எட்டுக் கம்ப்யூட்டர்கள், மூலையில் மர ஸ்டாண்டில் ஒரு ரவுட்டர். வெளியிலிருந்து வரும் லைன் அந்தப் பெட்டிக்குள் நுழைந்துதான் எட்டுக்கும் பிரியும். இடி விழுந்ததும் பெட்டிக்குள் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. முன்பக்கத்தில் எப்போதும் பச்சையாக எரியும் விளக்கு அணைந்து, கருகின வாடை வந்தது. லத்தீபின் மகள் ரஃபியா அந்தக் கடையில்தான் டைப்பிங் வேலை பார்க்கிறாள். அவள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேறு சமயமாக இருந்தால் கடையை இரண்டு நாள் சாத்தியிருக்கலாம். கீழே அவளுடைய அத்தா சாகக் கிடந்தார்.

லத்தீப் தோல் மண்டியில் உப்புப் போடுகிறவர். பச்சைத் தோலை விரித்து, கல்லுப்பைக் கை நிறைய அள்ளித் தூவித் தேய்த்து அடுக்குவது அவர் வேலை. ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த உப்பின் மேலேயே சாய்ந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மதுரையில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் தரமும் வந்தபோது வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் மனைவி அஜீஸுன்னிசாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கும் உலகத்துக்கும் நடுவில் நின்று பேசியவர் லத்தீப்தான். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவள் தொழுகைக்கு எழுந்திருப்பாள். இருவருமாக ஒரு கைப் பேச்சை உண்டாக்கி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு வாய்ப் பேச்சு வருவதற்கு முன்பே அந்தக் கைப் பேச்சு வந்தது. பின்னலை இழுத்துக் காட்டினால் ரஃபியா. தாடைத் தழும்பைத் தொட்டால் மூத்தவன் நிஹால். விரல்களைக் குவித்து உப்புத் தூவிக் காட்டினால் லத்தீப். தெருவில் விளையாடுகிற பிள்ளைகள்கூட அவரைக் கண்டால் சலாமுக்குப் பதிலாக உப்புத் தூவும். அவரும் திருப்பித் தூவுவார்.

நிஹால் சவூதியில், தம்மாமில் இருந்தான். பாஸ்போர்ட் முதலாளி கையில், லீவு கிடையாது. போனில் ரஃபியா பேசுவாள், சித்தப்பா பேசுவார். அம்மாவிடம் பேச அவனுக்கு வெள்ளிக்கிழமையும் கேமராவும்தான் இருந்தன. ஜும்மா தொழுகை முடிந்ததும் அஜீஸுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மாடிக்கு ஏறுவாள். அந்த லைனில் படம் திக்கித் திக்கித்தான் வரும். அதனால் அவள் ஒரு சொல்லைக் கையால் காட்டினால், அது தம்மாம் போய்ச் சேரும்வரை கையை அந்தரத்தில் அப்படியே நிறுத்தி வைத்திருப்பாள். அவனும் அப்படியே நிறுத்துவான். இப்போது லத்தீபுக்கும் பேச்சு இல்லை. மிச்சம் இருந்தது இடது கை ஒன்றுதான்.

அவரை ஆட்டோவில் தூக்கி வைத்து வேறு கடைக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே இந்த வெள்ளிக்கிழமை மாடியிலிருந்து வயரை ஜன்னல் வழியாக இறக்கி, ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, தகப்பனையும் மகனையும் பார்க்க வைப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். அதை அஜீஸுன்னிசா லத்தீபுக்குக் காட்டிச் சொன்னாள். தாடையைத் தொட்டாள், கண்ணைத் தொட்டாள், கட்டிலைத் தட்டினாள். அவர் இடது கையால் தன் தாடையைத் தொட முயன்று மூக்கைத் தொட்டார். அதற்கு அடுத்த நாள்தான் இடி விழுந்தது.

ஆனந்த்ராஜ் ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்குப் போன் போட்டு, ரவுட்டர் வாங்கிய கம்பெனியைப் பிடித்தான். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் சத்யபிரியா என்ற பெண் வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை, கையில் பளபளக்கும் உறைக்குள் ஒரு கார்டு. ரவுட்டரின் பின்பக்கம் லைன் வந்து சேருகிற இடத்தில் சொருகுகிற சின்னப் பலகை அது. அந்த மாடலுக்கு மதுரையில் இருந்தது அந்த ஒன்றுதான். இன்னொன்று வேண்டுமென்றால் சென்னையிலிருந்து வர வேண்டும்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டியில் வரும்போதே ஆனந்த்ராஜ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் படியேறும்போது கீழ் அறையை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். லத்தீப் கண்ணை மூடிக் கிடந்தார். நெஞ்சு ஏறி இறங்குவது கதவிலிருந்தே தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் காய்ந்த மண் இருந்தது. தொழுகைக்கு முன்னால் முகம் கைகால் கழுவும் ஒளுவைத் தண்ணீரில் செய்ய முடியாதவர்கள் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அவருக்காக அஜீஸுன்னிசா சலித்து வைத்த மண் அது.

மாடியில் சத்யபிரியா முதலில் ரவுட்டரின் இரும்பு உடம்பைப் புறங்கையால் தொட்டாள். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டாள்.

"சார், இது ஷாக் அடிக்குதே."

"லேசாத்தான் மேடம் கடிக்கும். பத்துப் பதினஞ்சு நாளா அப்பிடித்தான் இருக்கு. நாங்க ரப்பர் செருப்புப் போட்டுக்கிட்டுத்தேன் தொடுவோம்."

"செருப்புப் போட்டுக்கிட்டீங்க, சரி. பெட்டிக்கு யாரு போட்டுவிட்டா?"

அவள் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பையிலிருந்து மீட்டரை எடுத்து பிளக் பாயின்ட்டில் அதன் வயர்களின் இரண்டு முள்ளையும் வைத்தாள்.

"ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள காட்டணும் சார். முப்பத்தெட்டு காட்டுது. எர்த்தே இல்ல. இடி வந்தப்ப அது மண்ணுக்குள்ள போக வழியில்லாம கார்டுக்குள்ள போயிருக்கு."

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கிருவோம் மேடம். மொதல்ல கார்டச் சொருகிருங்க. கீழ இருக்க நெலமையப் பாத்தீகள்ல?"

"பாத்தேன். பாத்ததுனாலதான் சொல்றேன். இப்ப சொருகி சுவிட்சப் போட்டா இதும் போயிரும். போயிருச்சுன்னா நான் கையத் தொடச்சுக்கிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். அடுத்த கார்டு வர்ற வரைக்கும் அய்யா தாங்குவாரா, நீங்களே சொல்லுங்க."

ரஃபியா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எர்த்துக் குழி கொல்லைல இருக்குக்கா, வாங்க" என்று சொல்லி முன்னால் இறங்கினாள்.

கொல்லை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு ஆள் படுக்கிற அளவு இடம், ஒரு முருங்கை, துணி துவைக்கிற சிமென்ட் தளம். தளம் முடிகிற இடத்தில் ஒரு சதுரக் கல், கல்லை ஒட்டி மண். சென்டர் ஆரம்பித்தபோது எலக்ட்ரீசியன் அந்த மண்ணில்தான் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, குழாயை நட்டு, பச்சை வயரை மாடிக்கு ஏற்றினான். உப்பு மூட்டை லத்தீப் மண்டியிலிருந்து கொண்டுவந்தது. இப்போது குழாயைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"குழிக்குத் தெனம் தண்ணி ஊத்தணும்னு சொல்லலையா எலக்ட்ரீசியன்?"

"சொன்னான் மேடம்" என்றான் ஆனந்த்ராஜ். "நான் ரஃபியாகிட்டச் சொன்னேன்."

"நான் ரெண்டு நா ஊத்துனேன். போய்ப் பாத்தா எப்பவும் ஈரமாவே கெடக்கும். சரி, ஊத்த வேண்டியதில்லைனு விட்டுட்டேன்."

"அப்ப இத்தன வருசமா யாரு ஊத்துனது?"

யாருக்கும் தெரியவில்லை. முருங்கைக்குப் பக்கத்தில் அஜீஸுன்னிசா வந்து நின்றிருந்தாள். அவர்கள் முகங்களையும், குழியைக் காட்டும் விரலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு விரல்களைக் குவித்து உப்புத் தூவினாள். சதுரக் கல்லைக் காட்டினாள். முகத்தைக் கழுவுவதுபோல, முழங்கை வரை தேய்ப்பதுபோல, காலில் நீர் விடுவதுபோலக் காட்டினாள். ஐந்து விரலையும் விரித்தாள். கடைசியில் கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தாள், படுத்துவிட்டார் என்று.

ரஃபியா அதை வாய்ப் பேச்சில் சொன்னாள். "அத்தா அந்தக் கல்லுல உக்காந்துதான் ஒளு செய்வாக. அஞ்சு நேரமும். அந்தத் தண்ணிதான் குழிக்குப் போயிருக்கு. எங்க யாருக்கும் தெரியல."

அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சொம்புத் தண்ணீரில் சிக்கனமாக ஒளு செய்கிற மனுஷன், காலைக் கழுவினால் அது எங்கே போகிறது என்றா பார்ப்பார்? ஒரு மாதமாக அவர் மண்ணைத் தொட்டுத் தொழுதார், இங்கே குழி காய்ந்துபோனது.

"தண்ணி ஊத்தி ஊற விட்டா எறங்கிரும்" என்றாள் சத்யபிரியா. "ஏழெட்டுக் குடம் வேணும். உப்பும் வேணும்."

உப்புக்குப் பஞ்சமில்லாத வீடு அது. தண்ணீர்தான் இல்லை. குழாயில் தண்ணீர் வந்து பதினைந்து நாளுக்கு மேலாகியிருந்தது. லாரி எப்போது வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. வீட்டில் குடிக்க இரண்டு குடம். அது போக, அடுப்படி மூலையில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் நிறைய இருந்தது. லத்தீபின் தம்பி கிதர் முகம்மது இரண்டு நாளைக்கு முன்னால் எங்கிருந்தோ வண்டியில் கொண்டுவந்து இறக்கி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிவிட்டு, "இத யாரும் எடுக்காதீக" என்று மட்டும் சொல்லியிருந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்ல வேண்டியிருக்கும்.

ரஃபியா அந்தத் துணியின் முடிச்சில் கை வைத்தபோது கிதர் முகம்மது ஜும்மாவுக்குப் புறப்பட்டு, தொப்பியும் அத்தருமாக உள்ளே வந்தார்.

"ஏத்தா, அதுல கை வைக்காத."

"சின்னத்தா, எர்த்துக் குழிக்கு ஊத்தணும். ஊத்துனாத்தான் அண்ணன் அத்தாவப் பாக்க முடியும்."

"குழிக்கு ஊத்தவா? ஒரு சொட்டுக் கெடைக்காம ஊரே நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையிது. மண்ணுல கொண்டுபோயி ஊத்துறேங்குறியே."

"லாரி வந்தா பிடிச்சு ஊத்தி வச்சுருவோம்."

"வராட்டி?" அவர் குரல் ஏறியது. "நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னா மையத்த எதுல குளிப்பாட்டுவ? உங்க அத்தாவ அழுக்கோட அடக்கச் சொல்றியா?"

சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கிற மனுஷனை, கூடப் பிறந்த அண்ணனை, சுவருக்கு அந்தப் பக்கம் காது நன்றாகக் கேட்கிற நிலையில் கிடக்கிறவரை, மையத்து என்று சொல்லிவிட்டார். சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆனந்த்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

அஜீஸுன்னிசாவுக்குச் சத்தம் கேட்காது. உதடும் முகமும் அவளுக்குப் போதும். கொழுந்தனைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள். அவளுக்கு அந்த டிரம் வந்து இறங்கிய நிமிஷமே தெரிந்திருக்க வேண்டும். மெதுவாக நடந்து போய் ரஃபியாவின் கையை விலக்கிவிட்டு, முடிச்சைத் தானே அவிழ்த்தாள். துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். குடத்தை அமுக்கினாள். நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிதர் முகம்மதுவைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள்.

முதல் குடத்தைப் பூமி ஒரே மடக்கில் குடித்தது. இரண்டாவது குடத்தோடு அவள் திரும்பியபோது கிதர் முகம்மது வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவளிடமிருந்து குடத்தை வாங்கித் தானே ஊற்றினார். ரஃபியா கல்லுப்பை அள்ளிப் போட்டாள். உள்ளே கட்டிலில் லத்தீப் கண்ணைத் திறந்தார். கல்லில் தண்ணீர் விழுகிற சத்தம் அவருக்கு என்ன சொன்னதோ, இடது கை தட்டை நோக்கிப் போய் மண்ணைத் தடவியது. தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்திருக்கலாம். அஜீஸுன்னிசா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து, தாடையைத் தொட்டுக் காட்டினாள். வாரான், வாரான், செத்த நேரம்.

டிரம் காலியானது. மாடியில் மீட்டர் முப்பத்தெட்டிலிருந்து இருபதுக்கு வந்தது. பிறகு பதினாலில் நின்றுகொண்டது.

"இன்னும் நாலஞ்சு குடம்" என்றாள் சத்யபிரியா. அவளுக்கே அதைச் சொல்ல வாய் கூசியது.

எதிர் வீட்டுப் பெருமாயி விஷயம் கேள்விப்பட்டு, லாரி எந்தத் தெருவில் நிற்கிறது என்று பார்க்க இரண்டு குடத்தோடு ஓடினாள். கிதர் முகம்மது, "தொழுதுட்டு வாரேன், அதுக்குள்ள..." என்று ஆரம்பித்து முடிக்காமல் பள்ளிவாசலுக்குப் போனார். ரஃபியா மாடியிலிருந்து தம்மாமுக்குப் போன் போட்டாள். நிஹால் விடிந்ததிலிருந்து அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"என்னாச்சு ரஃபியா? அத்தா முழிச்சிருக்காகளா?"

"முழிச்சிருக்காகண்ணே. அங்கனயே இரு. எந்திரிச்சுப் போயிராத."

"எங்கிட்டும் போகல. அம்மாவ ஒளு செஞ்சுட்டு வரச் சொல்லு, பையப் பையக் காட்டுவாக எல்லாத்தையும். அவசரம் இல்லைன்னு சொல்லு."

அவசரம் இல்லை என்று அவன் சொன்னதை ரஃபியா யாரிடமும் சொல்லவில்லை.

ஜும்மா நேரம் தாண்டியது. லாரி வரவில்லை. காய்ந்த காற்று ஜன்னல் வழியே அனலாக வந்தது. ஆனந்த்ராஜ் சத்யபிரியாவுக்கு டீயும் பன்னும் வாங்கி வைத்திருந்தான். டீயில் ஆடை படிந்து ஆறிப்போனது.

"மேடம், உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன். பதினாலுதான காட்டுது. ஓட்டிப் பாப்பமே. பத்து நிமிசம் ஓடுனாப் போதும். அப்பறம் கருகுனாக் கருகிட்டுப் போகுது."

"பத்து நிமிசம் ஓடும்னு தெரிஞ்சா சொருகிருவேன் சார். சுவிட்சப் போட்ட ஒடனே போனா என்ன பண்றது?"

"போகாமலும் இருக்கலாம்ல?"

அவள் மீட்டரைப் பார்த்தாள். பதினாலு. கீழே மூச்சு இழுக்கிற சத்தம் மாடிவரை வந்தது. நெடுநேரம் நின்றுவிட்டு உறையை எடுத்தாள், அதன் வாயைப் பிரித்தாள். அந்த நிமிஷம் கீழேயிருந்து ரஃபியா "அத்தா" என்று கூப்பிட்டது கேட்டது. அப்படி ஒரு கூப்பாடு எந்த வீட்டிலிருந்து கேட்டாலும் அது எதற்கென்று தெரிந்துவிடும். சத்யபிரியா உறையின் வாயை மறுபடி மடித்தாள். அவள் செய்தது சரிதான். சரியாகச் செய்ததற்காக அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

லத்தீபின் இடது கை மண் தட்டின் மேல் கிடந்தது. அஜீஸுன்னிசா அதை எடுத்து, விரல்களில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அவளுக்கு அழும்போது ஒரு சத்தம் வரும். அது அவளுக்குத் தெரியாது. தெருவில் அதுவரை அவள் குரலைக் கேட்டிராதவர்கள் அன்றைக்குக் கேட்டார்கள்.

செய்தி கேட்டு வந்த ஆட்களால் வாசல் நிறைந்தது. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுததும் அடக்கம் என்று பேசினார்கள். குழி வெட்ட ஆள் போனது, மையத்துக்குச் சுற்றுகிற கபன் துணி வாங்க ஆள் போனது. பிறகு குளிப்பாட்ட வேண்டும் என்று வந்தபோது கிதர் முகம்மது காலி டிரம்முக்கு முன்னால் போய் நின்றார். அண்ணி மேல் கோபப்பட அவரால் முடியவில்லை. தன் மேல்தான் கோபப்பட்டார்.

"நானும்ல சேந்து ஊத்துனேன்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டார்.

அப்போது பெருமாயி ஒரு குடத்தோடு உள்ளே வந்தாள். லாரித் தண்ணீர் கிடைக்கவில்லை. அது அவள் வீட்டில் குடிக்க வைத்திருந்த குடம். அதை டிரம்மில் சாய்த்துவிட்டு, "நான் மறுபடி வாரேன்" என்று போனாள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குடம் வந்தது. கறிக்கடைக்காரர் வீட்டிலிருந்து ஒன்று. பூட்டுப் பட்டறை வீட்டிலிருந்து ஒரு வாளி. யாரும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. லத்தீபைப் பார்த்து உப்புத் தூவுகிற வீடுகளிலிருந்தெல்லாம் வந்தது.

கொல்லையில் நாலு பக்கமும் பெட்ஷீட் கட்டினார்கள். சிமென்ட் தளத்தில் பலகையைப் போட்டு அவரைக் கிடத்தினார்கள்.

மாடியில் சத்யபிரியா முகத்தைக் கழுவக்கூடத் தண்ணீர் கேட்காமல், கருவிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மீட்டரின் முட்கள் இன்னும் பிளக் பாயின்ட்டில்தான் இருந்தன. பிடுங்கப் போனவள் எண்ணைப் பார்த்தாள். பன்னிரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது. முள் சரியாகப் பதியவில்லையோ என்று அழுத்திப் பார்த்தாள். ஏழு. ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தாள். பெட்ஷீட்டுகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் தளத்தில் ஓடி, அந்தச் சதுரக் கல்லைச் சுற்றிக்கொண்டு, எர்த்துக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் நிற்கும்வரை நின்றாள். பிறகு வந்து பார்த்தபோது மீட்டர் இரண்டில் இருந்தது.

ரஃபியாவை மேலே கூப்பிட்டு அனுப்பினாள். "சொருகப் போறேன் ரஃபியா. டார்ச்சு பிடிக்கணும். அந்தத் தாவணிய வெளிய போட்டுட்டு வா. நைலான், பொறி பறக்கும், கார்டு தாங்காது."

ரஃபியா தாவணியை எடுத்துவிட்டு, அத்தாவின் பருத்தித் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். சத்யபிரியா தன் உடம்பில் சேரும் மின்சாரம் கார்டில் பாயாதபடி மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் வயரை ரவுட்டரின் இரும்பு உடம்பில் மாட்டினாள். எரிந்த கார்டின் இரண்டு திருகையும் கழற்றி அதை உருவினாள். ஒரு ஓரம் கரியாக இருந்தது. புதியதை உறையிலிருந்து எடுக்கப் போனபோது கை நடுங்கியது. நடுங்கும் கையோடு அதைத் தொடக்கூடாது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள். ரஃபியாவும் டார்ச்சை அசைக்காமல் நின்றாள். நடுக்கம் நின்றதும், அதன் முனையில் வரிசையாக இருந்த தங்கப் பற்களில் விரல் படாமல் ஓரங்களை மட்டும் பிடித்து எடுத்து, இரண்டு பக்கத் தடத்திலும் வைத்து, கோணாமல் உள்ளே தள்ளினாள். உட்கார்ந்தது. திருகுகளை முடுக்கினாள். லைனைச் சொருகினாள். பிளக்கை மாட்டினாள்.

"போடட்டுமா?"

"போடுங்கக்கா."

விளக்கு முதலில் மஞ்சளாக விட்டு விட்டு எரிந்தது. பிறகு பச்சையாக நின்றது. சத்யபிரியா பெட்டியைப் புறங்கையால் தொட்டாள். இந்தத் தரம் கடிக்கவில்லை.

ஆனந்த்ராஜ் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டு, மாடி ஜன்னல் வழியாக வயரை இறக்கினான். இனிமேல் அஜீஸுன்னிசா இத்தாவில் இருக்கிற பெண். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்கு வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. அதனால் அவன் வயரை விட்டுவிட்டுத் தெருவுக்குப் போய் ஆண்களோடு நின்றுகொண்டான். படத்தில் மையத்தின் முகத்தைக் காட்டலாமா என்று வாசலில் ஒருவர் இழுத்தார். "மகன் தகப்பன் மொகத்தப் பாக்குறதுக்கு யார்கிட்ட கேக்கணும்?" என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னதும் அவர் அடங்கிவிட்டார்.

போனில் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வந்திருக்கவில்லை. திரையில் நிஹால் தெரிந்தான். சிரிப்போடு தெரிந்தான். படம் அதிலேயே நின்றுவிட்டது. அடுத்த படம் வரும்வரை அந்தச் சிரிப்பையே இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவன் கை வந்தது. உப்புத் தூவினான். விரலை மடக்கி, எங்கே என்று கேட்டான்.

அஜீஸுன்னிசா கையை உயர்த்தினாள். உப்புத் தூவினாள். அந்தக் கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தி, அது போய்ச் சேரக் காத்திருந்தாள். பிறகு உள்ளங்கையை வானத்தைப் பார்க்க விரித்து மேலே தூக்கினாள். அதையும் நிறுத்தி வைத்திருந்தாள். கை வலித்திருக்கும். அவள் இறக்கவில்லை. திரையில் அவன் முகம் துண்டு துண்டாக மாறியது. ஒன்றில் வாய் திறந்திருந்தது, ஒன்றில் முகமே இல்லாமல் தலைமுடி மட்டும் தெரிந்தது. ரஃபியா கேமராவைத் திருப்பி, கபனின் முகத்துணியை விலக்கினாள். குளிப்பாட்டின ஈரம் தாடியில் இன்னும் இருந்தது.

நெடுநேரம் கழித்து அவன் இரண்டு கைகளையும் காட்டினான். தலையில் நீர் ஊற்றுவதுபோலக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, கையை விரித்தான். நான் குளிப்பாட்டியிருக்க வேண்டும், நான் இல்லையே என்று. அஜீஸுன்னிசா தெருப் பக்கம் கையைக் காட்டினாள். வீடு வீடாகக் குடம் தூக்கி வந்ததைக் காட்டினாள். அவன் புரிந்துகொண்டானா என்று தெரியவில்லை. திரையைத் தொட்டான். அவன் விரல் கேமராவை மறைத்ததில் படம் கறுத்துவிட்டது.

வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். அதன் ஒரு காலை ஆனந்த்ராஜ் பிடித்துக்கொண்டு முக்குவரை போனான். சத்யபிரியா பெருமாயியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். அஜீஸுன்னிசா சுவரில் சாய்ந்து, வெறும் கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ரஃபியா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அம்மாவின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மகள்தான் என்று தெரிந்ததும் எழுந்தாள். பெருமாயி மறுபடி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன குடத்திலிருந்து இரண்டு சொம்புத் தண்ணீர் மொண்டுகொண்டு கொல்லைக்குப் போனாள். வழக்கமாக அவள் அடுப்படி ஓரத்தில்தான் ஒளு செய்வாள். இன்றைக்கு அந்தச் சதுரக் கல்லில் உட்கார்ந்தாள். கை கழுவி, வாய் கொப்பளித்து, முகம் கழுவி, முழங்கை நனைத்து, தலையைத் தடவி, காலைக் கழுவினாள். ஒரே சொம்பில் முடித்தாள். மாடிக்கு ஏறும் பச்சை வயரை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, இரண்டாவது சொம்பைக் குழிக்குள் சாய்த்தாள். ஊர் முழுக்கத் தண்ணீர் இல்லாத அன்றைக்கு, கடைசிச் சொட்டு வரை சாய்த்துவிட்டு, தொழுவதற்கு உள்ளே போனாள்.